இருநூற்றுப் பதினைந்தாவது பதிவு

மனைவி இறந்த ஐந்தாவது மாதம், அவளுடைய போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த போனை, லிஃப்ட் மெக்கானிக்கான அவர் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

‘இன்னும் நாற்பது நாட்களில் எங்கள் வலைப்பதிவுச் சேவையை நிறுத்துகிறோம். உங்கள் பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவை அழிக்கப்படும். இத்தனை நாள் எங்களோடு இருந்ததற்கு நன்றி.’

அவர் அதை மூன்று முறை படித்தார்.

அவள் ஆறு வருடம் அங்கே எழுதினாள். இரண்டு சிறுநீரகமும் போன பிறகு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு கை இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும், இன்னொரு கையால் போனில் தட்டிக்கொண்டிருப்பாள். வலைப்பதிவுக்கு ‘நாலு மணி நேரம்’ என்றுதான் பெயர் வைத்திருந்தாள். டயாலிசிஸ் இயந்திரத்தை ‘மாமியார்’ என்று எழுதுவாள். ‘ரத்தத்தை உறிஞ்சினாலும் சுத்தம் செய்து திருப்பித் தருகிறாளே, அந்த மட்டும் நிஜ மாமியாரைவிட இவள் தேவலை’ என்று ஒரு பதிவில் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய அம்மா இரண்டு மாதம் பேசவில்லை. கணவரை ‘என் மெக்கானிக்’ என்பாள். அவராக அதில் எதையும் படித்ததில்லை. அவள் சில நாள் வாசித்துக் காட்டுவாள், சிரிப்பார். அவ்வளவுதான்.

அவர் ‘அடுத்த கட்டிலு’க்கு போன் செய்தார். ஆறு வருடமும் மனைவிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண் அவள். வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவள். மனைவி வைத்த பட்டப்பெயரிலேயே அவர் போனிலும் அவள் பதிவாகியிருந்தாள்.

“அண்ணா, அது வாடகை வீடு மாதிரி. காலி பண்ணுன்னா பண்ணித்தான் ஆகணும்” என்றாள் அவள்.

“வேற கம்பெனியில போட்டுடலாமாம்மா?”

“அவனும் ஒரு நாள் மூடுவான். சொந்தமாவே ஒண்ணு கட்டிடலாம். தேவையானதெல்லாம் ஓப்பன் சோர்ஸ்ல, யார் வேணாலும் எடுத்துக்கிற மாதிரி இலவசமாவே கிடைக்குது. யார் முன்னாடியும் கைகட்டி நிக்க வேண்டாம்.”

“எனக்குக் கம்ப்யூட்டர்ல அவ்வளவு பழக்கம் இல்லையே.”

“லிஃப்ட் கன்ட்ரோல் போர்டைப் பிரிச்சு மேஞ்சுட்டு மறுபடியும் மாட்டுறீங்க, இது என்ன பெரிய விஷயம்? நான் போன்ல சொல்றேன். ஆனா செய்யறது நீங்களாத்தான் இருக்கணும்.”

அவள் குரலில் எப்போதுமே ஒரு வறட்சி உண்டு. நோய்க் களைப்பு என்று அவர் நினைத்திருந்தார்.

சமையலறையை ஒட்டிய மேஜையில் மனைவியின் பழைய லேப்டாப்பை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலைகளிலும், மற்ற நாட்களில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரமும் உட்கார்ந்தார். இறக்கிய கோப்பைத் திறந்தபோது எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று பதறி அடுத்த கட்டிலைக் கூப்பிட்டார். “யூனிகோடுன்னு ஒரு இடத்துல மாத்தணும், பதறாதீங்க” என்றாள். மாற்றியதும் தமிழ் மேலேறி வந்தது.

வேலை முறை எளிதாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பதிவும் ஒரு தனிக் கோப்பு. அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்து. மேலே மூன்று வரி: தலைப்பு, தேதி, வரைவா இல்லையா என்பது. ஒரு கட்டற்ற மென்பொருள் அந்தக் கோப்புகளையெல்லாம் படித்து வலைப்பக்கங்களாக மாற்றித் தரும். வரைவு என்று குறித்திருந்தால் அதை மட்டும் விட்டுவிடும். மாற்றிய பக்கங்களை வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் ஏற்றிவிட்டால் போதும். நாளைக்கு அந்த சர்வர்க்காரன் கையை விரித்தாலும் கோப்புகள் இருக்கும் பெட்டியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தளத்தின் முகவரியையும் மனைவி வைத்த பெயரிலேயே பதிவு செய்தார்.

சிரமமெல்லாம் படங்களில் வந்தது. இறக்கிய கோப்பில் அவை வெறும் எண்களாக வந்திருந்தன. எந்தப் படம் எந்தப் பதிவுக்கு என்று தெரிய, எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். அப்படித்தான் அவர் தன் மனைவி எழுதியதை முதல்முறையாக முழுசாகப் படித்தார். நாளுக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர்தான் என்று அளந்து குடித்த கோடைகாலம். ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அவள் எழுதிய பத்து வரி. அவர் உப்பில்லாமல் சமைத்துவிட்டு, அவள் முகம் கோணக்கூடாது என்று தானும் அதையே சாப்பிட்டதைப் பற்றி ஒரு பதிவு. அதைப் படித்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

முப்பத்திரண்டாம் நாள் வேலை முடிந்தது. மென்பொருளை ஓட்டினார். இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள் தயார் என்றது. ஆனால் பெட்டியில் இருநூற்றுப் பதினைந்து கோப்புகள் இருந்தன. பல நூறு கம்பிகளுக்கு நடுவில் கழன்றுபோன ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் அவருடைய பிழைப்பு. தேடினார். இறக்கிய கோப்பின் கடைசியிலிருந்து, படம் எதுவும் இல்லாததால் படிக்காமலேயே அவர் தனிக் கோப்பாக மாற்றி வைத்திருந்தது அது. தலைப்பு இல்லை. தேதி, அவள் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. மூன்றாவது வரியில், வரைவு: ஆம்.

‘இன்று புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். ஊசி குத்திக்கொண்டே, “ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் கடைசியில பயந்துட்டாரா? அவரோடது நல்லாப் பொருந்தியிருந்துச்சே” என்றாள். தெரிந்த விஷயம்போல நான் தலையாட்டினேன். பக்கத்துக் கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தேன். எனக்காக உப்பில்லாமல் சமைக்கக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். கேட்டால் அழுவார். அழுதால் நான்தான் தேற்ற வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

பயந்ததுகூடப் பரவாயில்லை, எனக்கும்தான் கத்தி என்றால் பயம். ஆனால் பொருந்தவில்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் அன்றைக்குப் பக்கத்தில் இருந்தான். சர்க்கரை இருப்பதால் அவனுடையது வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் உடம்பைத் தானே திட்டிக்கொண்டு திரிந்தான். நமக்கு ரெண்டு பேருக்கும் கொடுத்துவைக்கலை மச்சான் என்று இவர் அவன் தோளில் கை போட்டார்.

நான் மன்னிக்கவில்லை. அதை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நான் செத்த பிறகு, அவ மன்னிச்சிருப்பா என்று அவராகவே சொல்லிக்கொள்வார்.

தைரியம் வருகிற அன்றைக்கு இதைப் போடுவேன்.’

அவர் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை.

அந்த நாள் அவருக்கு மறக்கவில்லை. டாக்டர் அவரைத் தனியாக அழைத்து, பொருந்துகிறது, இன்னும் சில சோதனைகள் முடிந்தால் தேதி குறிக்கலாம் என்றார். இருபது மாடி லிஃப்ட் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர் அவர். வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை. “எனக்கு முடியாது டாக்டர்” என்றார். விருப்பமில்லாதவரை வற்புறுத்த மாட்டோம், தகுதி இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறோம், காரணம் வெளியே போகாது என்றார் டாக்டர். அந்த வாக்கை ஆறு வருடமாக அவர் இடுப்பில் முடிந்து வைத்திருந்தார்.

கோப்பை அழிக்கக் கை வரவில்லை. வேறொரு பெட்டிக்குள் தள்ளிவிட்டு, மீதி இருநூற்றுப் பதினான்கையும் ஏற்றினார்.

தளம் நன்றாகத்தான் எழுந்து நின்றது. பழைய வாசகர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். தொடர்புக்கு என்று அவர் கொடுத்திருந்த முகவரிக்குக் கடிதங்கள் வந்தன. ‘இப்படி ஒரு கணவர் கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும்.’ ‘உங்களைப் பார்த்தாவது எங்கள் வீட்டு ஆண்கள் திருந்தட்டும்.’ ஒவ்வொன்றும் அவருக்குக் கன்னத்தில் அறைவதுபோல இருந்தது. இரண்டாவது வாரம் மனைவியின் அண்ணன் கூப்பிட்டார். கண்ணாடி அறுத்து விற்கும் கடைக்காரர் அவர். அழுதுகொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் படிச்சேன் மாப்பிள்ளை. நீங்க பார்த்துக்கிட்ட மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது. நான்தான் பாவி. வாயைக் கட்டத் தெரியாம உடம்புல சர்க்கரையை ஏத்திக்கிட்டேன். இல்லேன்னா தங்கச்சி இன்னைக்கு உயிரோட இருந்திருப்பா.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க மச்சான்” என்றார் இவர்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அடுத்த கட்டிலைக் கூப்பிட்டார்.

“ஒரு வரைவு இருக்கும்மா. நான் அதைப் போடலை.”

“தெரியும்” என்றாள் அவள். “போடாம வச்சிருக்கிற வரைவு ஒண்ணு இருக்குன்னு அக்கா சொல்லியிருக்காங்க. அந்த நர்ஸ் சொன்னப்போ நானும்தானே அங்க படுத்திருந்தேன்.”

“தெரிஞ்சும் ஏன் எனக்கு இவ்வளவு தூரம் உதவி பண்ணினே?”

“உங்களுக்குப் பண்ணலை. அக்கா எழுதினது அழியக்கூடாதுன்னு பண்ணினேன். நீங்களே ஒவ்வொண்ணாப் படிச்சு ஏத்தணும்னும் நினைச்சேன். அதுவும் வேணும்னேதான்.”

“இப்ப நான் என்ன பண்ணட்டும்?”

“என்னைக் கேக்காதீங்க. பழைய இடமா இருந்தா கம்பெனிக்காரன் எவனாவது அதைத் தூக்கிடுவான், பழியை அவன் மேல போட்டுக்கலாம். இங்க கேள்வி கேக்க ஆளே இல்லை. போட்டாலும் நீங்கதான், மறைச்சாலும் நீங்கதான்.”

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் மேஜை மேல் பெரிய கண்ணாடித் தகடு ஒன்றைப் படுக்கப்போட்டு, அளவுகோலை வைத்து வைரமுனையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். “வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க, இதை மட்டும் முடிச்சுடறேன்” என்றார். இவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமலேயே எழுந்து போய்விடுவோம் என்று அவருக்குப் பயம்.

“மச்சான், என்னோடது பொருந்துச்சு.”

“எது?”

“கிட்னி. டாக்டர் பொருந்துதுன்னுதான் சொன்னார். நான்தான் பயந்துட்டு வேண்டாம்னுட்டேன். உங்ககிட்டயும் அவகிட்டயும் பொய் சொன்னேன்.”

கடைக்காரர் கோடு இழுப்பதை நிறுத்தவில்லை. விளிம்புவரை இழுத்து முடித்தார். பிறகு கருவியைக் கீழே வைத்தார்.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். ரெண்டு வருஷம் தெரிஞ்சுகிட்டே என்கூட இருந்திருக்கா. எழுதி வச்சிருக்கா.” அச்செடுத்து வந்த தாளை நீட்டினார்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். தன்னைப் பற்றிய வரி வந்த இடத்தில் விரல் நின்றது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடிப்பார் என்று இவர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“என் தோள்ல கை போட்டே” என்றார் கடைக்காரர். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ‘நீ’ என்றார். “அஞ்சாறு வருஷமா கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கலை. என் பிழைப்பே கண்ணாடி. நீ அதையும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?”

கடைக்காரர் மேஜையைச் சுற்றி வந்து எதிரில் நின்றார்.

“அவ எழுதினதுல ஒண்ணைக்கூட மறைக்க உனக்கு உரிமை இல்லை. போடு. போட்டுட்டு, அந்தத் தளத்தை எங்கிட்ட கொடுத்துடு. அவ எழுத்து உன் பேர்ல இருக்க வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தார். கோப்பைத் திரும்பப் பழைய பெட்டிக்குள் வைத்தார். தலைப்பு என்ற இடம் காலியாக இருந்தது. அதில் எதையும் எழுத அவருக்கு அருகதை இல்லை என்று தோன்றியது, அப்படியே விட்டார். மூன்றாவது வரியில் ‘ஆம்’ என்பதை அடித்து ‘இல்லை’ என்று மாற்றினார். மென்பொருளை ஓட்டியதும், இருநூற்றுப் பதினைந்து பக்கங்கள் தயார் என்றது. ஏற்றினார். தளத்தில் ‘ஃபீட்’ என்று ஒரு வசதி இருந்தது. புதுப் பதிவு ஏறினால் தொடர்கிற வாசகர்கள் எல்லோருக்கும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அதை அமைத்த நாளில், நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லாமல் நேராகப் போகிறதே என்று அவர் சந்தோஷப்பட்டிருந்தார்.

மாலைக்குள் கடிதங்கள் வரத் தொடங்கின. முதல் சிலவற்றைப் படித்தார். ‘கொலைகாரன்’ என்று ஒருவர் ஒரே சொல்லில் எழுதியிருந்தார். ‘பயப்படுவது தப்பில்லை, நானும் என் அக்காவுக்குக் கொடுக்கவில்லை, இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை’ என்று பெயர் போடாமல் ஒருவர். அதற்கு மட்டும் பதில் எழுத உட்கார்ந்தார். நான்கு முறை ஆரம்பித்தும் வார்த்தை கூடிவரவில்லை, விட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் பெட்டி முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு, கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். முகவரிப் பதிவையும் மாற்றிக் கொடுத்தார். ஆறு வருடம் அவள் எழுதியது கட்டைவிரல் அளவுக்குள் அடங்கிப்போயிருந்தது. கடைக்காரர் வாங்கிக்கொண்டார். கணினி வேலையை அடுத்த கட்டில் பார்த்துக்கொள்வாள் என்று பிறகு தெரிந்தது. அவளும் அதன் பின் இவர் போனை எடுக்கவில்லை.

இவர் வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார். உப்புப் போட்டுச் சமைக்க இன்னும் கை பழகவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம், இயந்திர அறையில் எண்ணெய்க் கையோடு நின்றபோது போன் அடித்தது. மச்சான்.

“பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்காளே, அந்தப் படம் எந்த வருஷம்? கீழே எழுதணும்.”

“அது நோய் வர்றதுக்கு முந்தின வருஷம் மச்சான். ஸ்வெட்டர் நீங்க வாங்கிக் கொடுத்ததுதான்.”

“ம்.”

போன் வைக்கப்பட்டது. அதன் பிறகும் மாதம் ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை, அப்படி ஒரு கேள்வி வரும். எந்த ஊர், யார் பக்கத்தில், என்ன தேதி. பதில் சொன்னதும் வைத்துவிடுவார். மாப்பிள்ளை என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மெக்கானிக் வேலையிடத்திலும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கும்போதும்.