இரண்டாவது வால்வு

சிக்னலில் வண்டியை நிறுத்தி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிய நொடியில்தான் அந்தக் கேள்வி மெக்கானிக்கின் தலையில் வந்து விழுந்தது. சற்றுமுன் அக்காவின் புது வீட்டில் மாட்டிவிட்டு வந்த ஏசியில் இரண்டாவது வால்வைத் திறந்தோமா?

முதலாவதைத் திறந்தது நன்றாக நினைவிருந்தது. மெல்லிய குழாயின் வால்வு. வளைந்த சின்னச் சாவியை உள்ளே விட்டுத் திருப்பி, மூடியை மாட்டி இறுக்கியிருந்தான். அதற்குள் உள்ளே குழந்தை வீறிட்டது. "டேய், டீ ஆறுதுடா" என்று அக்கா கத்தினாள். அடுத்த வாடிக்கையாளர் ஃபோனில், "வர்றீங்களா, வேற ஆளப் பாக்கட்டுமா?" என்று உயிரை வாங்கினார். பிறகு பார்த்தால் தடித்த குழாயின் மூடி கையில் இருந்தது. திறந்துவிட்டு மூடினானா, திறக்காமலே மூடினானா? ஐயோ, அதுதான் தெரியவில்லை.

இது குடையை மறந்துவிட்டு வருகிற மாதிரி மறதி இல்லை. ஏசியை ஒரு வீட்டிலிருந்து கழற்றும்போது குளிரூட்டும் கேஸ் முழுவதையும் வெளிப் பெட்டிக்குள் இழுத்து இரண்டு வால்வையும் மூடிவிடுவார்கள். புது வீட்டில் மாட்டியதும் இரண்டையும் திறக்க வேண்டும். ஒன்று மூடியே கிடந்தால் கம்ப்ரஸர் மூச்சு முட்டி, சூடேறி, ஒரேயடியாகக் கண்ணை மூடிவிடும். ஓடவிட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் ஸ்விட்ச் போட்டபின் கம்ப்ரஸர் கிளம்ப மூன்று நிமிஷம் ஆகும். நம் ஆள் இரண்டாவது நிமிஷமே, "எல்லாம் சரியா இருக்குக்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டான். ஊரார் வீட்டில் இப்படி ஒருநாளும் செய்தவனில்லை.

அந்த ஒரு நிமிஷ அவசரத்துக்குக் காரணம் அக்கா புருஷன். அவர் மதியம் சாப்பிட வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், தொழிலுக்கு வந்த புதிதில், இதே ஏசியை அவர்களுடைய பழைய வீட்டில் மாட்டியவனும் இவன்தான். தண்ணீர் வடிகிற குழாய்க்குச் சரிவு வைக்கத் தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மாமாவின் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அன்றோடு மாமா இவனைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார். முதலில் தெளித்தது இவன்தான் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அன்றிலிருந்து அவர் வாயில் இவன் பெயர் 'அரைகுறை'. நேர்ப்பேச்சும் நின்றுபோனது.

இந்த முறை அக்கா ஃபோனில் சொன்னதுதான் இப்போது காதில் குடைந்தது. "அவர் கால்ல விழாத குறையா பேசி சம்மதிக்க வச்சிருக்கேன்டா. என் மானத்த வாங்கிடாத." கம்ப்ரஸர் போனால் போகட்டும், எப்பாடுபட்டாவது வேறு வாங்கிப் போட்டுவிடலாம். அந்த வீட்டில் 'என் தம்பி' என்று அக்கா இனி வாயைத் திறக்க முடியுமா?

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடித்தே கொன்றார்கள். ஓரம் கட்டி அக்காவுக்கு நான்கு முறை ஃபோன் அடித்தான். எடுக்கவில்லை. குழந்தை தூங்கினால் ஃபோனை ஊமையாக்கிவிடுவாள், மகராசி. அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "வேற ஆளப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

லிஃப்ட் எங்கேயோ மேலே நின்று விளையாடியது. நான்கு மாடியும் படியேறி ஓடினான். கதவைத் திறந்த அக்காவின் முகத்தில் வேர்வை வழிந்தது. ஹாலில் ஃபேனுக்கு அடியில் குழந்தை கிடந்தது, கழுத்தெல்லாம் வேர்க்குரு. அக்கா கையில் மடித்த செய்தித்தாள். அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள் போலும்.

"போச்சா? நின்னுடுச்சா?" என்றான் மூச்சு வாங்க.

"நான்தான் நிறுத்தினேன்."

"எப்ப?"

"நீ படி இறங்கின உடனே."

"ஏங்க்கா?"

அக்கா செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். "நீ மாட்டினதாச்சே... ஏதாவது ஆகி வச்சிரும்னு பயமா இருந்துச்சுடா. அவர் வந்தப்புறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

மாமா ஆயிரம் தடவை அரைகுறை என்றபோதுகூட இப்படிச் சுருக்கென்று தைத்ததில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தான். தானும் அதே சந்தேகத்தோடுதானே இங்கே ஓடிவந்து நிற்கிறான்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? பால்கனிக்குப் போனான்.

தடித்த குழாயின் மூடியைக் கழற்றினான். சாவியை விட்டுத் திறக்கிற பக்கம் திருப்பினான். அசையவில்லை. இன்னொரு முறை. ஊஹூம், அசையவே இல்லை. முழுக்கத் திறந்துதான் இருந்தது. படுபாவிக் கை, தலைக்குச் சொல்லாமல் வேலையை ஒழுங்காக முடித்திருக்கிறது!

ஸ்விட்சைப் போட்டுவிட்டு வெளிப் பெட்டியின் அருகிலேயே குத்தவைத்தான். மூன்று நிமிஷம் முழுசாக. கம்ப்ரஸர் உறுமிக் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தடித்த குழாய் சில்லிட்டு வேர்த்தது. அக்காவைக் கூப்பிட்டு அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான். "தொட்டுப் பாரு. நல்லாத் தொட்டுப் பாரு." அவள் கையை எடுக்கவில்லை.

அப்போது மாமா வந்தார். "என்ன, அரைகுறை இன்னும் கிளம்பலையா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"போயிட்டுத் திரும்பி வந்தேன் மாமா." மூன்று வருஷத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "ஒரு வால்வத் திறந்தேனா இல்லையான்னு சந்தேகம். அதான்."

"திறந்திருந்துச்சா?"

"திறந்துதான் இருந்துச்சு."

மாமா படுக்கையறைக்குள் போய் ஏசிக்கு நேராகக் கையை நீட்டிப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காற்றை வாங்கினார்.

"நல்லாத்தான்டா குளிருது. இதுக்குத்தான் உங்க அக்காகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'என் தம்பி வேணாம், கம்பெனி ஆளையே கூப்பிடுங்க'ன்னு ரெண்டு நாள் ஒத்தக் கால்ல நின்னா. கெடுத்தாலும் நம்ம பய கெடுக்கட்டும்டின்னு நான்தான் ஃபோன எடுத்து இவ கையில குடுத்தேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார், தான் எதைப் போட்டு உடைத்தோம் என்றே தெரியாமல்.

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். கேட்க வேண்டியதெல்லாம் அவன் நாக்கு நுனிவரை வந்தது.

"பாப்பாவ உள்ள படுக்க வைக்கா" என்றான். "கதவச் சாத்து, குளிரு வெளிய போகுது."