முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு

டிப்போவில் தேசப்பனை நேரில் மேனேஜர் சார் என்பார்கள். தலை மறைந்ததும் 'மிலிட்டரி'. மலையில் பாதையும் பாலமும் போட்ட என்ஜினியர், பட்டாளத்தை விட்டு வந்து பேருந்துகளைக் கட்டி மேய்க்கிறார். வண்டியில் ஏறினால் கடைசி சீட்டுதான். முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது.

போகியன்று முதல் வண்டியில் அவரும் போவார். நம் ஜனங்களுக்குக் கொளுத்த டயரை விட்டால் வேறென்ன கிடைக்கிறது? அந்த விடியலிலும் பனியும் புகையும் கூட்டுச் சேர்ந்து உலகத்தையே துடைத்துவிட்டிருந்தன. சிப்காட் ஷிப்டுக்கு நாற்பது பெண்களோடு கிளம்பிய பேருந்து, ஏரிக்கரைச் சாலையில் நின்றுவிட்டது.

"ரோடே தெரில சார். இந்தாண்ட ஏரி, அந்தாண்ட பள்ளம்," என்றார் டிரைவர் தணிகாசலம்.

"நின்னுக்கினு இருந்தா பின்னாடி டிரெய்லர் வந்து ஏத்திடும்பா. அந்தத் துண்டைக் குடு."

சீட்டில் விரித்திருந்த வெள்ளைத் துண்டை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினார். "இதையே பாத்துக்கினு மெதுவா வா. ஹாரன் அடிச்சிக்கினே வா."

நடந்தார். டயர்ச் சாம்பல் மெல்ல இறங்கி, தோளில் படிந்தது. தார்ச் சாலை காலடியில் மெத்தென்று ஆனது போலிருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பனிமலையில் இப்படித்தான் துண்டோடு ஒரு லாரிக்கு முன்னால் நடந்தார். ஓட்டி வந்தவன் பாக்கியநாதன். ஒரு வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தார், லாரி இல்லை. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

இப்போது புகைக்குள் அவன் சீட்டியடிப்பது கேட்டது. வா, பாக்கியநாதா, என்னைப் பார்த்தே வா. எவ்வளவு தூரம் நடந்தாரோ, திடீரென்று ஹாரனும் என்ஜினும் ஒன்றாக அடங்கின.

தேசப்பன் நின்றார். திரும்ப முடியவில்லை. நாற்பது பேர், கடவுளே.

துண்டை யாரோ இழுத்தார்கள்.

"பாக்கியநாதா?"

"செங்கம்மா சார். கடைசி சீட்டுக்கு முன்சீட்டு. துண்டு தெரிலன்னு டிரைவர் வண்டிய ஆஃப் பண்ட்டாரு. அதான் கை கோத்துக்கினு வந்துட்டோம். கடைசி ஆளு வண்டி முன்பம்பராண்ட நிக்கிறா, அவளைப் பாத்து ஓட்டுவாரு."

திரும்பினார். செங்கம்மாளின் கையில் ஒரு கை, அந்தக் கையில் இன்னொரு கை. அதற்கப்புறம் வெறும் வெள்ளை. அதற்குள்ளிருந்து வளையல் சத்தமும் சிரிப்பும் வந்தன. என்ஜின் உறுமியது.

"நீங்க போங்க சார். நாங்க புட்ச்சிக்கினு கீறோம்."

கூட்டுரோட்டில் புகை விலகியது. பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக ஏறிய தேசப்பன் பின்னால் போகவில்லை. டிரைவருக்கு அடுத்த முதல் சீட்டில் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் நாற்பது பேரும் கத்திப் பேசிக்கொண்டே வந்தார்கள். சிப்காட் வரை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.