பல் பட்ட பெல்ட்

என் தங்கை கவிநிலாவுக்கு முதல் பல் முளைத்தது எந்தத் தேதி, என்ன கிழமை என்று எங்கள் அப்பாவுக்குத் தெரியும். எனக்கு எப்போது முளைத்தது என்று கேட்டால், "எல்லாருக்கும் மொளைக்கிறப்போதான்" என்பார். நாற்பத்தொரு வயதில் இதெல்லாம் ஒரு பேச்சா மணிமொழி என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத ஒற்றைப் பிள்ளை.

அப்பா தசரதன் ஒரு பேங்கில் இருபத்திரண்டு வருஷம் துப்பாக்கியோடு காவல் நின்றவர். ரிட்டயர் ஆனபோது துப்பாக்கி பேங்கோடு போய்விட்டது. தோளில் குறுக்காகப் போடுகிற தோட்டா பெல்ட் மட்டும் வீட்டுக்கு வந்தது, அது அவரே வாங்கியது. இருபத்தைந்து தோட்டாக்கள் செருகலாம். பேங்கில் அவருக்குக் கொடுத்தது ஐந்துதான், மீதி இருபது வளையங்களும் காலியாகவே இருக்கும்.

அந்த பெல்ட்டில்தான் கவியின் பல் இருக்கிறது. ஒரு மழை நாளில் அப்பா நனைந்து வந்து உட்கார, பத்து மாதக் குழந்தை மடியில் ஏறி, ஊறிப்போயிருந்த தோலைக் கடித்துவிட்டதாம். பக்கிளுக்குக் கீழே நான்கு புள்ளிகள். வீட்டுக்கு வந்த ஒருவரையும் அவர் அதைக் காட்டாமல் அனுப்பியதில்லை. ஆயுத பூஜைக்கு பெல்ட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது கவியின் வேலை. எனக்கு அரிவாள்மணையும் அம்மாவின் தையல் மெஷினும்.

இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு நாலு கடை தள்ளி, எனக்கு ஒரு தோல் கடை இருக்கிறது. பை, செருப்பு, பெல்ட் எல்லாம் நானே வெட்டி நானே தைக்கிறேன். அம்மா போனதிலிருந்து அப்பா வேங்கிக்காலில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். போன மாதம் ஒரு நாள் மஞ்சப்பையோடு கடைக்கு வந்தார்.

"மணி, இத்த புதுசு மாதிரி பண்ணிக் குடும்மா. ஆயுத பூஜைக்கு கவி வர்றா. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டப் போறாளாம். போன்ல கேட்டா, சரின்னுட்டேன்."

"எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"உனக்கு எதுக்கும்மா? உன் கடையில பெல்ட்டுக்கா பஞ்சம்?" என்று சிரித்தார். படி இறங்கப் போனவர் திரும்பினார். "பல்லு பட்ட எடத்த மட்டும் தேய்ச்சுடாத. ஜாஸ்தி பாலிஷ் போட்டா போயிடும்."

எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றே சொல்கிறேன், வேறு நல்ல வார்த்தை தேட எனக்குப் பொறுமை இல்லை.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். அழுக்கைத் துடைத்தேன், பித்தளையில் ஏறியிருந்த பச்சையைச் சுரண்டினேன், மூன்று இடங்களில் வெடித்திருந்த தோலுக்கு எண்ணெய் காட்டினேன். இரண்டே நாள் வேலை. ஆனால் பக்கிள் பக்கம் வரும்போதெல்லாம் அந்த நான்கு புள்ளிகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. இந்த மனுஷனுக்கு மூன்று வேளை சோறு போடுகிறவள் நான். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். பெங்களூரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தரம் எட்டிப் பார்க்கிறவளுக்கு பெல்ட்டா? தரமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் எங்கள் ரோட்டில் பை வாங்க யாரும் நிற்கமாட்டார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆம்பூரில் வாங்கி வைத்திருந்த நல்ல தோலை எடுத்தேன். பழைய பெல்ட்டை மேலே வைத்து அப்படியே வெட்டினேன். தோட்டாப் பருமனுக்கு ஒரு கட்டையைச் சீவி, நனைத்த தோலை அதன் மேல் சுற்றிச் சுற்றி வளையங்கள் பிடித்தேன். இருபத்தைந்து வளையங்கள். எவ்வளவு தூரத்துக்கு ஒரு தையல், எங்கே அப்பா நீல நூலால் ஒட்டுப் போட்டிருந்தார் என்று ஒன்றுவிடாமல் வைத்தேன். என் கைக்கு இவ்வளவு பொறுமை உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கிளைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டவேண்டியதாயிற்று, அப்பாவின் கட்டைவிரல் அதை மறந்திருக்காது. கடைசியில் பல். உளியால் இரண்டு தரம் ஒரு துண்டில் போட்டுப் பார்த்தேன், ஆணி அடித்ததாகத்தான் தெரிந்தது. ஈரத் தோலில் பல்தான் பல்லாக விழும். ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, பெல்ட்டை வாயில் வைத்து ஓரப் பற்களால் மெதுவாகக் கடித்தேன். சாயத்தின் கசப்பு சாயங்காலம் வரை நாக்கில் இருந்தது. பழையதைச் சுருட்டி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அப்பாடா என்று இருந்தது.

ஆயுத பூஜையன்று காலையிலேயே கவியின் கார் வந்து நின்றது. படையல் முடிந்ததும் அப்பா பெல்ட்டைக் கையில் எடுத்தார். பக்கிளைத் தடவினார். வளையங்களை ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்தார். தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார், எழுபத்திரண்டு வயது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"மூணு எடத்துல வெடிச்சிருந்துச்சு கவி. தேடுறேன், காணோம். உங்க அக்கா கை மாதிரி இந்த ஜில்லாவுலயே கெடையாது."

என் வேலையை அப்பா மெச்சியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே அவர் விரல் கீழே போய் அந்தப் புள்ளிகளில் நின்றது.

"இங்க பாரு, எங்குட்டி பல்லு. அப்படியே இருக்கு."

நான் கடித்த இடத்தைத் தடவிக்கொண்டே அவள் தலையில் கை வைத்தார். கவி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திருடி வைத்திருப்பது பக்கிள் கூட இல்லாத பழைய தோல். அப்பா தொட்டு, தோளில் போட்டு, மெச்சியது நான் செய்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்லதாக நான் ஒன்றும் செய்ததில்லை. அதையும் அவளே எடுத்துக்கொண்டு போகப்போகிறாள், அது என்னுடையது என்று என்னால் வாய் திறந்து சொல்லவும் முடியாது. டிராயரில் இருப்பதைக் கொண்டுவந்து போட்டால் நான் திருடி. போடாவிட்டால் நான் யாருமில்லை.

மதியம் சாப்பிட்டதும் அவள் கிளம்பினாள். கார் கதவருகில் போய்க் கையைப் பிடித்தேன்.

"கவி, அந்த பெல்ட்ட வெச்சுட்டுப் போயேன்."

கேலி என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏன்க்கா? அப்பாவே உன் வீட்டுலதான இருக்காரு. காபி நீ குடுக்குற, ஜொரம்னா நீ தொட்டுப் பாக்குற. உன்ன நெனச்சா எனக்கு எவ்ளோ பொறாமையா இருக்கும் தெரியுமா? எனக்குன்னு இது ஒண்ணுதான்க்கா."

அவள் கண்ணில் நீர் நின்றது, பொய்யில்லை. கையை விட்டுவிட்டேன்.

கார் தெருமுனையில் திரும்பியது. அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் புறப்படுகிற பரபரப்பில் அவர் சாப்பிட்டிருக்கவில்லை. இலை போட்டுவிட்டு உள்ளிருந்து மூன்று தரம் கூப்பிட்டேன். நாலாவது தரம் வாசலுக்கே வந்து, "சாப்பிட வாங்கப்பா, மணி மூணாவுது" என்றேன்.

"நீ சாப்பிடும்மா. செங்கம் தாண்டினதும் போன் பண்றேன்னு சொல்லியிருக்கா" என்றார், திரும்பிப் பார்க்காமல்.