மேவிஸ் வீட்டு லைலாக்

மேவிஸ் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது, ஒரு லைலாக் புதர்தான். அவள் கணவன் லாயிட் வைத்தது. அவன் செத்து ஒன்பது வருடமாகிறது. மே மாதத்தில் இரண்டு வாரம் ஊதாக் கொத்தாகப் பூத்து மணக்கும். அந்த இரண்டு வாரமும் மேவிஸ் சன்னல்களையெல்லாம் திறந்துபோட்டு, குளிரில் கோட்டோடு உட்கார்ந்திருப்பாள். நான் என் பக்கத்தில் களை பிடுங்குவேன். களையே இல்லாத நாளிலும் பிடுங்குவேன். எழுபத்திரண்டு வயதில் இதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரு செப்டம்பர் மாலை அவளே பேச்செடுத்தாள்.

"யோவ் ஓரின், அரிசோனாவுக்கு வந்துடுன்னு மக உசிர எடுக்கிறா. வீட்ட வித்துடலாம்னு இருக்கேன்."

"எப்போ?"

"மே மாசம் இந்தப் பூவ ஒருதரம் மோந்து பாத்துட்டுத்தான். அந்த வெயில்ல இது பூக்காதாம். பனி வேணுமாம்."

"உனக்கும்தான் பனி வேணும்."

"எனக்கு மூட்டு வலிக்குது. பனிய நீயே வச்சுக்க."

லைலாக்கைப் பூ உதிர்ந்த கையோடு வெட்ட வேண்டும். கோடையிலேயே அது அடுத்த வருடத்து மொட்டை வைத்துவிடும். இலையுதிர் காலத்தில் வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும். நாற்பது வருடம் வெர்மாண்ட்டில் ஊரார் தோட்டங்களைப் பார்த்தவனுக்கு இது தெரியாதா? அக்டோபரில், அவள் பல் வைத்தியரிடம் போயிருந்த நாளில், புதரை இடுப்பளவுக்கு வெட்டித் தள்ளினேன். பூக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் இருப்பாள் அல்லவா?

செடி வேலையெல்லாம் லாயிட் பார்த்தது. மேவிஸுக்கு மோந்து பார்க்க மட்டுமே தெரியும். "சன்னல்ல நல்லா வெளிச்சம் வருதுய்யா" என்று அடுப்பில் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தாள். அதை நான் தொடவில்லை.

மே வந்தது. இலைதான் வந்தது. அவள் தினமும் இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. மாதக் கடைசியில் நேரே என் தோட்டத்துக்கு வந்தாள்.

"நர்சரிக்காரிகிட்ட கேட்டேன். எப்போ வெட்டினீங்கன்னு கேட்டா. அக்டோபர்ன்னேன். சிரிச்சா."

"தப்பு நடந்துபோச்சு மேவிஸ்."

"நாப்பது வருஷம் இதே வேலை பாத்தவனுக்கா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அடுத்த வருஷம் பூக்கும்" என்றேன்.

"மனசுல இருக்கிறதச் சொல்லத் துப்பில்ல. கத்திரியத் தூக்கிட்டு வந்துட்டான்."

ஜூனில் போய்விட்டாள்.

இந்த மே மாதம் புதர் பிசாசு பிடித்ததுபோல் பூத்தது. வீட்டை வாங்கினவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் சன்னலைத் திறப்பதில்லை. நான் மட்டும் அந்த வாசனையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மேவிஸுக்குப் போன் போட்டேன்.

"பூத்திருக்கு."

"எப்படி மணக்குது? சொல்லு."

சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

"சரி, விடு. போனை அதுக்குள்ள வை."

கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பக் காதில் வைத்தபோது அவள் மூச்சு கேட்டது.

"தேனீச் சத்தம் கேட்டுது" என்றாள். பிறகு, "நீ அன்னைக்கு வாயத் திறந்து கேட்டிருந்தா இருந்திருப்பேன்யா" என்றாள்.

"இன்னும் பத்து நாள் பூ நிக்கும் மேவிஸ்" என்றேன். "வந்துடு."