படகேறிய அம்மன்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு போட்டோ போதும், சாமி காரியத்தையே மாற்றிவிடுவார்கள்.

2003 மே மாத வெள்ளம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாலத்தை அள்ளிக்கொண்டு போனது. திருவிழாவுக்கு மூன்று வாரம்தான். தோட்டத்தின் மேல் டிவிசன் அம்மன் வருஷா வருஷம் தேரில் ஆற்றைத் தாண்டிக் கீழ் டிவிசனுக்குப் போகும். அங்கே என் தங்கச்சி சின்னம்மா இருக்கிறாள். இடுப்பு விழுந்து நடக்க முடியாதவள். வாசலுக்கு அம்மன் வரும் அந்த நாள்தான் அவளுக்குத் திருவிழா. நாலு மைல் மேலே ஒரு மரப்பாலம் உண்டு. ஆள் நடக்கலாம், தேர் போகாது. கோயில் தலைவர் நான். “இந்த வருஷம் இல்லை” என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் தம்பி மகள் கிருஷ்ணகுமாரி லீவில் வந்தாள். கொழும்பில் அவள் வேலை செய்யும் வெள்ளைக்காரக் குடும்பம் அவளை ஸ்பெயினில் ஒரு கடலோர ஊருக்குக் கூட்டிப் போயிருந்தது. சந்தியில் கபூர் நானா என்ற முஸ்லிம் பெரியவரின் கடையில் போட்டோக்களைப் பரப்பினாள்.

“பெரியப்பா, இத பாருங்க. மீன் புடிக்கிறவங்க மாதாவ படகுல ஏத்திக் கடலுக்கே கொண்டு போறாங்க.”

இன்னொன்றில் தலைப்பாகையும் வாளுமாக ஒரு கூட்டம்.

“முந்தி முஸ்லிம் ராஜா ஆண்ட ஊராம் நானா. முஸ்லிம், கிறிஸ்தவன்னு ரெண்டு பக்கமும் வேஷம் போட்டு வருஷா வருஷம் சண்டை புடிப்பாங்க.”

“யாரு ஜெயிக்கிற?” என்றார் கபூர் நானா.

“மொதல்ல உங்காளுங்க. கடைசியில அவங்க. பொறகு ஒண்ணா ஒக்காந்து சாப்பாடு.”

“சாப்பாடு இருந்தா சரி.”

எனக்குச் சரியில்லை. “சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுங்காம அம்மன் நகராது. படகுக்கு ஏதுடி சக்கரம்?”

அவள் படகுப் போட்டோவை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பொடியன்களைத் தேடிப் போனாள்.

திருவிழாவன்று மணல் அள்ளும் சோமபாலவின் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டிருந்தார்கள். அம்மன் ஏறியாயிற்று. கிருஷ்ணகுமாரி குனிந்து படகின் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். பொடியன்கள் படகை ஆற்றுக்குள் தள்ள, நாலும் நசுங்கின. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தலைவர் கூடப் போகாமல் முடியுமா? ஏறினேன்.

நடு ஆற்றில் தப்பு மேளக்காரர்கள் ஆட ஆரம்பிக்க, படகும் ஆடியது. நான் அம்மன் காலைப் பிடித்துக்கொண்டேன். “பய வென்ன எப்பா மாமே!” என்று சோமபால சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். பயப்பட வேண்டாமாம், அவனுக்கு நீந்தத் தெரியும்.

அம்மனைத் தோளில் சுமந்து சின்னம்மா வாசலில் நிறுத்தினோம். அர்ச்சனைத் தட்டோடு நாற்காலியில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏண்ணே, அம்மனே சிரிச்சுக்கிட்டு வருது, நீ மட்டும் ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?” என்றாள்.

“பாலம் கட்டினாலும் இனிப் படகுதான்!” என்று கூட்டம் கத்தியது.

“கட்டட்டும், பாப்போம்” என்றேன். அம்மன் படகிலேயே திரும்பியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரப்பாலத்துக்கு நடந்தேன், நாலு மைல்.