அம்மாவுக்கு ஒரு கேசட்

"ஜூம் பண்ணாதீங்க, பாலு. அப்பாவுக்கு அது பிடிக்காது," என்றாள் ஜலஜா.

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில், அந்த ஃப்யூனரல் ஹோமின் நடுக்கூடத்தில் அப்பா பட்டு வேட்டியில் படுத்திருந்தார். பாலசுப்ரமணியன் வீடியோ கேமராவைத் தோளிலிருந்து இறக்கி எதிர் நாற்காலியில் வைத்தான். மருந்து கம்பெனியில் வேலை. கேமரா வாங்கி மூன்று வாரம். 1986-இல் அந்த வட்டாரத் தமிழர்களில் வேறு யாரிடமும் வீடியோ கேமரா இல்லாததால் சீமந்தமானாலும் சாவானாலும் அவன்தான்.

தெலுங்கு சினிமாவை ஸ்டுடியோவுக்கு வெளியே இழுத்து வந்தவர் அப்பா, சீதாபதி ராவ். மற்றவர்கள் அட்டை மரத்தடியில் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது கேமராவை மாட்டுவண்டியில் ஏற்றி கோதாவரிக் கரைக்குப் போனவர். கதாநாயகி வெயிலில் கறுத்துவிட்டாள் என்று பட முதலாளி சண்டைக்கு வந்தாராம். "இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கா," என்றாராம் இவர். படம் நூறு நாள் ஓடியது. கடைசி ஆறு படங்களில் ஜலஜாதான் அவருக்கு உதவி இயக்குநர்.

மகளைப் பார்க்க வந்த இடத்தில், செவ்வாய்க்கிழமை மாரடைப்பு. முழங்கால் வலியால் அம்மா வடபழனியிலேயே தங்கிவிட்டாள்.

"அவர் முகத்தை ஒரு தடவை எனக்குக் காட்டிடு. அது போதும்," என்று மட்டும்தான் அம்மா போனில் கேட்டாள். அங்கே வடபழனியில் மாடி வீட்டுக்காரர்களிடம் அமெரிக்க கேசட் ஓடுகிற டெக் இருந்தது.

ஆகவே ஜலஜா படப்பிடிப்பு நடத்தினாள். ஜன்னல் திரையை விலக்கினாள். சாஸ்திரிகளை இரண்டடி நகர்த்தினாள். மந்திரத்தின் நடுவில் குறுக்கே போன மாமா ஒருவரைக் கண்ணாலேயே உட்கார வைத்தாள். ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியான பிறகுதான், "ரெடி, பாலு," என்றாள். பாலு பட்டனை அமுக்கினான்.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, ஜலஜாவும் அவள் கணவனும் பாலுவும் டிவி முன் உட்கார்ந்தார்கள்.

திரையில் கார்பெட் வந்தது. பிறகு பாலுவின் ஷூ. பார்க்கிங் லாட். மறுபடி கார்பெட்.

கணவன் சிவராமகிருஷ்ணனுக்குத்தான் முதலில் புரிந்தது. "பாலு, நீ மாத்தி மாத்தி அமுக்கியிருக்கே. அவ ரெடின்னு சொன்னப்பல்லாம் ஆஃப் ஆயிருக்கு. கீழே வெச்சப்பல்லாம் ஓடியிருக்கு."

பாலு தலையைப் பிடித்துக்கொண்டான். "சாரி ஜலஜா. சிகப்பு லைட்டு எரிஞ்சா நின்னுருக்குன்னு நெனச்சேன்."

ஜலஜா டிவிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். இனி யாரைப் படுக்க வைத்து எடுப்பது? அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

கார்பெட் போய் அப்பாவின் முகம் வந்தது. நாற்காலியில் வைத்த கேமரா, சற்றே சரிந்த முகம். பக்கத்தில் அவள். புடவைத் தலைப்பை நனைத்து, ஃப்யூனரல் ஹோம்காரர்கள் அப்பியிருந்த பவுடரைக் கன்னத்திலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். இதென்ன நாடக மேக்கப் என்று தெலுங்கில் அவரையே திட்டினாள். தலை வாரிவிட்டாள். திடீரென்று குனிந்து தன் நெற்றியை அவர் நெற்றியில் வைத்து அப்படியே இருந்தாள். அப்படிச் செய்ததே அவளுக்கு நினைவில்லை.

பிறகு நிமிர்ந்து, மூக்கைத் துடைத்து, "ரெடி, பாலு," என்றாள். திரை இருண்டது.



"ஃப்யூனரல் ஹோம்ல போட்டோ ஏதாவது எடுத்திருப்பாங்களா, கேக்கட்டுமா?" என்றான் சிவராமகிருஷ்ணன்.

"வேண்டாம். இதையே அனுப்பலாம்."

"அந்த கார்பெட், ஷூ எல்லாம்?"

"இருக்கட்டும். ஒண்ணையும் வெட்ட வேண்டாம்."

கேசட்டை வெளியே எடுத்தாள். மேலே யாரும் வேறெதையும் பதிவு செய்துவிடாதபடி அதன் முதுகில் இருந்த சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஸ்பூன் காம்பால் நெம்பினாள். இரண்டாவது தடவையில் உடைந்தது.