விடுபட்ட வரி

யேசுதாசன் இறந்து பதினேழாம் நாள் ஏஞ்சல் வேலைக்குத் திரும்பினாள். இரும்புலியூர் பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும்போது மின்சார ரயிலில் அடிபட்டுப் போய்விட்டான் அவள் கணவன். துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் அழுகைகூட வரவில்லை.

தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்தது ஆபீஸ். வெளிநாட்டுப் பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார்கள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக டைப் செய்ய வேண்டும்; இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். ஏஞ்சலுக்கு ஜோடி குல்ஷன்.

2006ஆம் வருடத்தின் அந்த நாளில் வந்தது, இங்கிலாந்தில் மூடிப்போன ஒரு சின்ன ரயில் நிலையத்தின் வரலாறு. வில்லோஃபோர்டு என்று பெயர். 1868இல் கட்டினார்கள். பால் கேன்களும் ஆடுகளும் ஏறின. ரோஜாத் தோட்டத்துக்குப் பரிசு வாங்கியது. 1964இல் கடைசி வண்டி போனது. ஏஞ்சலின் விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின.

மதியம் சூப்பர்வைசர் சாம்பசிவன் வந்தார்.

"பன்னெண்டாம் பக்கத்துல ஒரு வரி விட்டுட்டியேம்மா. நாலு வருஷத்துல உனக்கு இப்படி ஆனதே இல்ல."

"கண்ணுல படல சார்."

பொய்யில்லை. இப்போதுதான் அதைப் படித்தாள். 1911 மூடுபனியில், தண்டவாளத்தைக் கடந்த போர்ட்டர் தாமஸ் வண்டி மோதி இறந்தார்; அவர் மனைவி ஒரு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்.

குல்ஷன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். காலையிலேயே இந்த வரியை டைப் செய்துவிட்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"நான் அடிச்சுடறேன். நீ போய் டீ குடி."

"வேணாம்க்கா."

ஏஞ்சல் எழுத்து எழுத்தாக அடித்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி ரோஜாக்கள்தான்.

"அந்தம்மா பேரே போடலக்கா. எங்க போயிருப்பாங்க?"

குல்ஷன் நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினாள்.

"அன்னிக்கு நான்தான் போன் பண்ணி சீக்கிரம் வாங்கன்னு சொன்னேன். இல்லன்னா பாலத்து மேல ஏறி சுத்திதான் வந்திருப்பாரு." ஸ்கிரீனைப் பார்த்தபடியே ஏஞ்சல் சொன்னாள்.

குல்ஷன் அவள் தோளில் கை வைத்தாள். சாம்பசிவன் தன் சீட்டிலிருந்து, "மேட்ச் ஆயிடுச்சு" என்றார்.

சாயங்காலம், குரோம்பேட்டைக்குப் போக வேண்டிய குல்ஷன், எதிர்த்திசையில் ஏஞ்சல் வீட்டுக்குப் போகும் பெருங்களத்தூர் பஸ்ஸில் அவளோடு ஏறினாள். ஏஞ்சல் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். இரும்புலியூர் வந்ததும் இருவரும் இறங்கினார்கள்.